கூட்டுப் புனைவில் களமும் மாந்தரும்: ஐங்குறுநூறு காட்டும் நெறி

முன்னுரை

ஒருவர் தனித்திருந்து கதை புனைதல் உண்டு. பலர் கூடி ஒரு கதையைப் புனைதலும் உண்டு. தனித்துப் புனைவார்க்குக் களமும் மாந்தரும் தம் உள்ளத்துள்ளேயே அமைவன. இடையில் ஊரை மாற்றலாம், ஒருவனைக் கொல்லலாம், கொன்றவனை மறுநாள் உயிர்ப்பிக்கலாம், கேட்பார் இல்லை. பலர் கூடிப் புனையுங்கால் இவ்வுரிமை இல்லை. ஒருவர் நட்ட மரத்தை மற்றவர் வெட்டக் கூடும். ஒருவர் அன்புடையவளாகப் படைத்தவளை மற்றவர் வஞ்சகம் உடையவளாக ஆக்கக் கூடும். ஆதலின், எழுதத் தொடங்குமுன் எவற்றைப் பொதுவாக வரையறுத்துக்கொள்ளல் வேண்டும், எவற்றை அவரவர் உரிமைக்கு விடல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

கூட்டுக் கதை எழுத முனையும் மாணாக்கர் முதற்கண் செய்வது ஒரு பட்டியல் வகுத்தலே. தலைமகனுக்குப் பெயர், அகவை, தொழில், குணம், தலைமகளுக்கும் அவ்வாறே. இவன் முன்கோபி, இவள் இரக்கமுடையவள், இவர் கருமி என்று குணம் குறித்து முடித்தபின் எழுதத் தொடங்குவர். மூன்றாம் இயலை எட்டுமுன்னரே பூசல் எழும். குணம் குறித்தது போதாமையால் பூசல் எழுந்தது என்று கருதிப் பட்டியலை மேலும் நீட்டுவர். எம் கருத்து இதற்கு மாறானது. பலர் கைப்படும் புனைவில் நிலத்தையும் பொழுதையும் உறவையும், யார் யாரிடம் பேசலாம் என்னும் கூற்றுரிமையையும் முன்னரே வரையறுக்கலாம், வரையறுத்தலும் வேண்டும். பேசும் உரிமை பெற்ற ஒருவரின் உள்ளத்தை மட்டும் முன்னரே முடித்து வைத்தல் ஆகாது. இதனைத் தமிழ் அகமரபு தெளிவுற உணர்ந்திருந்தது என்பதை ஐங்குறுநூறு கொண்டு ஈண்டு நிறுவ முயல்கின்றோம்.

ஒப்புநோக்கின் பொருட்டு மேலைநாட்டார் செய்த மூன்று கூட்டு முயற்சிகளை முதலில் காண்போம். ஒன்று திட்டமே இல்லாதது. மற்றொன்று மாந்தர் இயல்பை முன்னே முடித்தது. பிறிதொன்று முடிவை நோக்கி விதி வகுத்தது.

திட்டமின்மையும் அதன் விளைவும்

2007ஆம் ஆண்டில் பெங்குவின் பதிப்பகமும் இங்கிலாந்திலுள்ள டி மாண்ட்போர்ட் பல்கலைக்கழகமும் இணைந்து, விரும்பிய எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம், நீக்கலாம் என்ற முறையில் இணையத்தின் வழியே ஒரு புதினத்தைத் தொடங்கின. 'எ மில்லியன் பெங்குவின்ஸ்' என்பது அதன் பெயர். சில வாரங்களில் ஏறத்தாழ 1,500 பேர் அதிற் கை வைத்தனர். முன்வகுத்த ஊர் இல்லை. முன்வகுத்த உறவு இல்லை. வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் மாந்தரைக் கொணர்ந்தனர். முன்னிருந்தவர் பெயர் மாறினர், உருமாறினர், மறைந்தனர். ஒருவர் கதையெங்கும் வாழைப்பழத்தைப் புகுத்திக்கொண்டே இருந்தமையின், வாழைப்பழத்திற்கெனவே கதையின் தனிக்கிளை ஒன்று வகுக்க நேர்ந்தது. விளைந்தது ஒரு புதினம் அன்று. பல கதைகளின் துணுக்குகளே.

எழுதினோர் திறமின்மை இதற்குக் காரணம் என்று கொள்ளல் பொருந்தாது. எல்லாம் எவர்க்கும் திறந்து கிடப்பின், முன்னவர் எழுதியதைப் போற்ற வேண்டும் என்னும் கடப்பாடு பின்னவர்க்கு இல்லாது போகும். வரப்பில்லாத வயலில் நீர் நில்லாது. வரம்பு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். எத்தகைய வரம்பு என்பதே அடுத்த வினா.

இயல்பை முன்னே முடித்த திட்டம்

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் டீன் ஹவல்ஸ், ஒரு குடும்பத்தின் கதையைப் பன்னிரு எழுத்தாளர் பகிர்ந்தெழுதும் திட்டம் ஒன்றை வகுத்தார். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழின் ஆசிரியை எலிசபெத் ஜார்டன் அதனை நடத்தினார். இதழில் தொடர்ந்து வெளிவந்து, 1908இல் 'தி ஹோல் பேமிலி' என்னும் நூலாயிற்று. இயல்தோறும் குடும்பத்தில் ஒருவர் முன்னிற்பர்: தந்தை, மணமாகா அத்தை, பாட்டி, மருமகள், பள்ளிச் சிறுமி, மருமகன், மணமான மகன் என்றிவ்வாறு. மணமான மகன் இயலை எழுதியவர் ஹென்றி ஜேம்ஸ். பெக்கி என்னும் மகளின் மண உறுதி குடும்பத்தார் ஒவ்வொருவர் உள்ளத்தையும் எவ்வாறு தாக்குகின்றது என்று காட்டுவதே ஹவல்ஸின் நோக்கம். நோக்கம் நன்று; பகுப்பும் நன்று.

முதலியலை ஹவல்ஸே எழுதினார். அதனைக் கூறுபவர் குடும்பத்தார் அல்லர், அண்டை வீட்டுக்காரர். அத்தை எலிசபெத், மணமாகாது முதிர்ந்த ஒருத்தி என்னும் பழகிய உருவிலேயே கதைக்குள் வைக்கப்படுகின்றாள். அடுத்த இயல் அவ்வத்தைக்கு உரியது. எழுதியவர் மேரி வில்கின்ஸ் பிரீமன். அவர் அத்தையின் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறொருத்தி வெளிப்பட்டாள். முப்பத்து நான்கு அகவையினள், அழகி, வீட்டார் தன்னைக் காணும் கண் வேறு, ஊரும் உலகும் காணும் கண் வேறு என்று அறிந்தவள். பெக்கிக்கு உறுதி செய்யப்பட்ட இளைஞனே முன்னர் இவ்வத்தைபால் மனம் போக்கியவன் என்பதும் வெளிப்பட்டது. முதலியலைக் கூறிய அண்டை வீட்டுக்காரரும் ஒருகாலத்தில் இவளை விரும்பியவர் என்றாயிற்று.

ஹவல்ஸ் அதிர்ந்தார், இவ்வியலை வெளியிட வேண்டா என்று வற்புறுத்தினார். ஜார்டன் வெளியிட்டார். அதன்பின் வந்த இயல்கள் பலவற்றில், அத்தையை யாது செய்வது என்பதே பொருளாயிற்று. அவளை மீண்டும் பழைய உருவிற்குள் அடக்க முயன்றாரும் உளர். பெக்கியோ முடிவில் முதலில் உறுதி செய்யப்பட்டவனை விடுத்து, வேறொருவனை மணக்கின்றாள்.

பிரீமன் வரம்பு கடந்தார் என்று அவரைக் குறை கூறுதல் எளிது. யாம் அவ்வாறு கருதவில்லை. குறை திட்டத்தில் உளது. அத்தைக்கு ஓர் இயல் தந்தமையால் பேசும் உரிமை தந்தாயிற்று. ஆயின், அவள் இன்னள் என்பதைப் பிறர் வாயால் முன்னரே முடித்தும் ஆயிற்று. இவ்விரண்டும் ஒருங்கு நில்லா. பேச இடம் பெற்றவள் தன்னைப் பற்றித் தானே பேசுவாள். பிறர் எழுதி வைத்த குணக்குறிப்பை ஒப்பித்தற்கு அவள் எதற்கு?

முடிவை நோக்கிய திட்டம்

1931இல் இங்கிலாந்தில் துப்பறியும் கதை எழுதுவோர் கழகமாகிய 'டிடெக்சன் கிளப்' உறுப்பினர் பலர் கூடி 'தி புளோட்டிங் அட்மிரல்' என்னும் கதையை எழுதினர். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், ரொனால்டு நாக்ஸ் முதலியோர் அவருட் சிலர். ஓர் ஆறு, அதில் மிதந்து வரும் படகு, படகில் கடற்படைத் தலைவர் ஒருவரின் உடல். இதுவே களம். விதி இரண்டு. எழுதுவார் ஒவ்வொருவரும் கொலைக்குரிய விடை ஒன்றனைத் தம்முள் கொண்டே எழுதல் வேண்டும்; முன்னவர் விட்டுச் சென்ற முடிச்சுகளைக் காணாதார்போற் கடந்து செல்லல் ஆகாது. தொடக்கத்து எழுதினோர் ஒருசிலர் நீங்கலாக, ஏனையோர் கருதிய விடைகள் நூலின் இறுதியில் தனியே தரப்பட்டன. அவை ஒன்றோடொன்று ஒவ்வாதவை.

முன்னவர் எழுத்தைப் போற்றுக என்னும் இரண்டாம் விதி மிகச் சிறந்தது. கூட்டுப் புனைவுக்கு அதுவே அறம் எனலாம். முதல் விதியோ ஒவ்வொருவரையும் வெவ்வேறு முடிவு நோக்கி இழுத்தது. இறுதி இயலை எழுதிய அந்தோனி பெர்க்லி, குழப்பத்தைத் துப்புரவாக்கல் என்னும் பொருள்பட அவ்வியலுக்குத் தலைப்பிட்டமை நகைச்சுவை மட்டும் அன்று, உண்மையும் ஆகும். நிகழ்ச்சி மேன்மேலும் சிக்குண்டு செல்ல, மாந்தர் தடயம் சுமப்பாராகவே நின்றுவிட்டனர். கூடி விளையாடிய விளையாட்டு என்ற அளவில் இந்நூல் இன்பம் தரும். மாந்தர் உள்ளம் காட்டும் நூல் என்று கூறுதல் அரிது.

களம் வகுத்தல்

இனித் தமிழ்மரபை நோக்குவோம். ஐங்குறுநூறு ஐந்நூறு குறும்பாட்டுகளால் ஆகிய தொகை. மருதம் நூறும் ஓரம்போகியார், நெய்தல் நூறும் அம்மூவனார், குறிஞ்சி நூறும் கபிலர், பாலை நூறும் ஓதலாந்தையார், முல்லை நூறும் பேயனார் பாடியவை. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒவ்வொரு நூறும் பப்பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. 1903இல் உ. வே. சாமிநாதையர் இதனைப் பதிப்பித்தார். ஐவரும் ஓரவையிற் கூடியிருந்து பங்கிட்டுப் பாடினர் என்பது எம் கருத்தன்று. அவர்க்கு முன்னரே ஒரு பொதுத்திட்டம் புலவர் உலகில் நிலைபெற்றிருந்தது. அத்திட்டத்துள் நின்று ஐவர் பாடியவை ஒரு கதையுலகாக இயைந்தன என்பதே எம் கருத்து.

அப்பொதுத்திட்டத்தைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்திற் காண்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். மூன்றும் பாட்டினுட் பயிலுங்கால் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பார் ஆசிரியர். களம் வகுப்பார் முதற்கண் உணர வேண்டுவது இத்தரவரிசையே. நிலம் நிலத்தின்பொருட்டு வகுக்கப்படவில்லை. அந்நிலத்து வாழ்வாரின் உள்ளநிலை புலப்படுதற்பொருட்டு வகுக்கப்பட்டது.

இத்திட்டம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நெகிழ்ச்சியும் உடையது. திணைகள் தம்முள் மயங்கலாம். ஆயின், நிலங்கள் ஒருங்கு மயங்குதல் இல்லை என்பது விதி. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறநிலத்து வந்தால், வந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும். மலையையும் கடலையும் ஒன்றாக்கல் இயலாது. மலைப்பறவை கடற்கரைக்கு வருதல் இயலும். கூடி எழுதுவார்க்கு இதனினும் தெளிவான வழிகாட்டல் வேண்டுமோ? எது அசையாது, எது அசையலாம் என்பது ஐயமின்றி வகுக்கப்பட்டுள்ளது.

வகுத்த களம் புலவன் கற்பனையைக் குறுக்கிவிடாதோ என்று வினவலாம். நெய்தல் நூற்றுள் வெள்ளாங்குருகுப் பத்தை நோக்குக. பத்துப் பாட்டுகளும் ஒரே தொடக்கம் உடையன. வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காணச் சென்ற நாரை என்னும் ஒரே காட்சி பத்து முறையும் ஒரே சொற்களால் வருகின்றது. களம் ஒன்று, பறவை ஒன்று, சொல்லும் ஒன்று. அதன்பின் எஞ்சும் சிற்றிடத்தில் அம்மூவனார் பத்து வேறு நெஞ்சங்களைக் காட்டுகின்றார். மருதத்துக் கள்வன் பத்தும் எருமைப் பத்தும் இவ்வாறே ஒரு கருப்பொருளைச் சுற்றிச் சுழல்வன. கள்வன் என்பது ஈண்டு நண்டு. வயல் நண்டின் செயலைக் கூறும் வாயிலாகத் தலைவன் ஒழுக்கம் குறிப்பாற் சுட்டப்படுகின்றது. களம் குறுகக் குறுக, உள்ளம் விரிதற்கு இடம் பெருகுகின்றது.

மாந்தர் வகுத்தல்

மாந்தரை வகுக்குங்கால் அகமரபு செய்த முதற்செயல் இயற்பெயரை விலக்கியது. அன்பின் ஐந்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. அரசர் பெயர் வரலாம். மருதத்து வேட்கைப் பத்து ஆதன் அவினியை வாழ்த்தியே தொடங்குகின்றது. ஊர்ப்பெயர் வரலாம். நெய்தலில் தொண்டிக்கென ஒரு பத்தே உளது. கதைக்குள் நின்று காதலிப்பவன் பெயரும் காதலிக்கப்படுபவள் பெயரும் மட்டும் வாரா. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் வேந்தன் பெயர் இல்லை. ஆயினும் பாண்டியர்க்குரிய வேம்பு குறிக்கப்படுதலின் அதனைப் புறமெனக் கொண்டார் நச்சினார்க்கினியர். பெயரேயன்றிப் பெயர் காட்டும் பூவும் ஒருவனைத் தனியனாக்கிவிடும் என்று உரையாசிரியர் கருதும் அளவிற்கு இவ்விதி போற்றப்பட்டது.

பழிக்கு அஞ்சிப் பெயர் விலக்கினர் என்று கூறுவாருண்டு. அது ஒரு காரணம் ஆகலாம். கூட்டுப் புனைவு நோக்கிற் பிறிதொரு பயனும் புலப்படுகின்றது. பெயரிட்டவுடன் மாந்தன் பெயரிட்டவர்க்கு உரியனாகிவிடுகின்றான். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் உறவுப்பெயரோ எவர்க்கும் உரியது. கபிலர் படைத்த தோழியை அம்மூவனார் கெடுத்தார் என்று கூற இடமில்லை. தோழி என்பது ஒருத்தியின் பெயர் அன்று. நிற்கும் இடத்தின் பெயர். அவ்விடத்தில் நின்று ஒவ்வொரு புலவனும் தன் தோழியைப் பேசவிடுகின்றான்.

இரண்டாஞ் செயல் கூற்றுரிமையை வரையறுத்தது. களவொழுக்கத்தில் பேசுதற்குரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர். கற்பில் இவருடன் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என மேலும் அறுவர் கூடுவர். ஊரார், அயலார், தந்தை, தமையன்மார் ஆகியோர் நேரே பேசுதல் இல்லை. அவர் கூறியதாகப் பிறர் எடுத்துரைக்கலாம். நற்றாய் மகளை நினைந்து இரங்கலாம். தலைவனோடும் தலைவியோடும் நேர்நின்று உரையாடுதல் இல்லை.

இதனை ஹவல்ஸின் திட்டத்தோடு ஒப்பிடுக. அங்கே முதலிற் பேசுபவர் அயலார். முதலியலின் தலைமாந்தர் தந்தை. தமிழ்மரபோ இவ்விருவர் வாயையும் அடைத்தது. அயலார் பேச்சு அகத்தில் 'அலர்' என்னும் பெயரால் ஒரு நெருக்குதலாகவே வரும். மாந்தரின் இயல்பை முடிவு செய்யும் அளவைக் கருவியாக வாராது. தந்தையின் சினமும் தமையன்மாரின் காவலும் தலைவியின் அச்சத்திலும் தோழியின் சொல்லிலும் நிழலாடும். பேசாதார் பேசுவாரின் உள்ளத்தில் வாழ்கின்றனர். இஃது அகத்திட்டத்தின் நுட்பம்.

ஒவ்வொரு பாட்டின் கீழும் இது தோழி கூற்று, இது செவிலி கூற்று என்று காணப்படும் குறிப்புகள் பாடினோர் எழுதியன அல்ல, பின்னையோர் வகுத்தன என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறு கொள்ளினும் எம் முடிபு வலிமை குன்றாது. பின்வந்த ஒருவர், பெயரில்லாத ஒரு குரலைக் கேட்ட அளவில் இன்னார் கூற்று எனத் துணிய முடிந்ததே, திட்டம் எத்துணைப் பொதுவாகப் பயின்றிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

உள்ளத்தின் உரிமை

நிலமும் உறவும் கூற்றும் வரையறுக்கப்பட்டபின் புலவனுக்கு எஞ்சுவது யாது? குறிஞ்சி நூற்றுள் 203ஆம் பாட்டு இதற்கு விடை கூறும். தலைவனுடன் சென்று மீண்ட தலைவியைத் தோழி வினவுகின்றாள்: அவர் நாட்டு நீர் நல்லதன்றே, எங்ஙனம் உண்டாய் என்று. வினவும் இடம் மரபு தந்தது. வினவுவாளும் விடை கூறுவாளும் மரபு தந்தவர். விடையோ கபிலர் தந்தது. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும், அவர் நாட்டில் தழை மூடிய பள்ளத்தில் விலங்குகள் உண்டு எஞ்சிய கலங்கல் நீரே இனிது என்கின்றாள் அவள்.

தலைவி அன்புடையவள் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தால் இக்கலங்கல் நீர் கிடைத்திருக்குமா? அன்பு என்பது குணக்குறிப்பு. பள்ளத்து நீர் என்பது ஓர் உள்ளத்தின் துணிவு. பிறந்த வீட்டின் இனிமையை மறுக்காமலே அதனைவிட ஒன்றை உயர்த்திக் கூறும் இச்சொல்லில், பிறந்த வீடு பின்னிற்கும் மெல்லிய துயரும் உளது. திட்டம் தலைவிக்கு வாய் தந்தது. அவ்வாய் யாது கூறும் என்பதைத் திட்டம் கூறவில்லை.

ஐவர் கை, ஒரு கதை

தனிப்பாட்டுத் தொகையைத் தொடர்கதையோடு ஒப்பிடல் பொருந்துமோ என்று ஐயுறலாம். நூலின் வைப்புமுறையே இவ்வையத்தை நீக்கும். பாலை நூற்றின் எட்டாம் பத்து, மகள் உடன்போக்கிற் சென்றமை அறிந்து தாய் இரங்குவது. மகள் ஆடிய பாவையையும் வளர்த்த கிளியையும் காணுந்தோறும் கலங்கும் தாயை அங்கே 375ஆம் பாட்டிற் காண்கின்றோம். ஒன்பதாம் பத்து, அவ்வுடன்போக்கின்கண் வழியிடைப் பேசப்படுவது. பத்தாவது மறுதரவுப் பத்து; சென்றார் மீளுதலைப் பொருளாகக் கொண்டது. இத்துடன் ஓதலாந்தையார் பாட்டு முடிகின்றது.

அடுத்து வருவது பேயனாரின் முல்லை. அதன் முதற்பத்தே செவிலி கூற்றுப் பத்து. மகள் நடத்தும் இல்லறத்தைக் கண்டு மீண்ட செவிலி நற்றாய்க்கு உரைக்கின்றாள்: மானும் பிணையும் தம் குட்டியை நடுவே கொண்டு கிடத்தல் போல, அவ்விருவரும் புதல்வனை நடுவே கொண்டு கிடந்தனர் என்று.

பாவையைக் கண்டு அழுத வீட்டிற்குப் பேரனைப் பற்றிய செய்தி வருகின்றது. அழவைத்தவர் ஒரு புலவர். ஆற்றியவர் மற்றொரு புலவர். ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கிய இப்பொருத்தில் தழும்பு ஒன்றும் தெரியவில்லை. வைப்புமுறை வகுத்த கூடலூர் கிழாரின் நுண்ணுணர்வு இதன்கண் பெரிது. எனினும், பொருந்தக் கூடிய துண்டுகளையே தொகுப்பாசிரியர் பொருத்த இயலும். செவிலி, நற்றாய், மகள் என்னும் உறவுகள் இரு புலவர்க்கும் பொதுவாக இருந்தமையாலும், அவர் இருவரும் மகளுக்குப் பெயரோ முடிந்த குணமோ கட்டிவையாமையாலும் அன்றோ இப்பொருத்து இயன்றது? பன்னிருவர் கூடித் திட்டமிட்டெழுதிய குடும்பக் கதையில் கிட்டாத ஒருமை, திட்டத்தை மட்டும் பகிர்ந்துகொண்ட இருவர் பாட்டில் கிட்டியுள்ளது.

திட்டத்தின் விலை

அகத்திட்டத்தைப் புகழ்தலோடு அமைதல் ஆய்வாகாது. கூற்றுரிமை வகுத்தல் என்பது சிலர்க்கு வாய் தருதல். அதனாலேயே சிலர்க்கு வாய் மறுத்தலும் ஆகும். அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்றற்குரியர் என்று வகுத்தது தொல்காப்பியம். உரையாசிரியர் அவர் காதலைக் கைக்கிளை பெருந்திணைகளின்பாற் படுத்தனர். வயலும் எருமையும் கருப்பொருளாகப் பாட்டினுட் புகுந்தன. அவ்வயலில் உழைத்தவள் தலைவியாகப் புகவில்லை. இதனை மரபென்று கூறி மறைத்தல் நேர்மை அன்று.

மரபினுள்ளும் இவ்வேலி ஓரிடத்தில் நெகிழ்ந்தது. கலித்தொகையின் மருதக்கலியில், 94ஆம் பாட்டில், கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிரெதிர் நின்று ஏசியும் நகைத்தும் காதல் உரையாடுகின்றனர். அவரை நகைப்பொருளாகக் கொண்டே புலவர் தொடங்கினார் எனினும், பேச வாய் பெற்றவுடன் அவ்விருவரும் தம் ஏளனத்தாலும் சொல்வன்மையாலும் கற்பார் நெஞ்சில் நிலைத்துவிடுகின்றனர். பிரீமனின் அத்தைக்கு நேர்ந்ததும் இதுவே. வாய் பெற்றவர் எவரும் பிறர் வகுத்த உருவுக்குள் அடங்கியிரார்.

ஆகவே கூடிப் புனைவார் தம் திட்டத்தை நோக்கி வினவ வேண்டிய முதல்வினா, யாருக்கு என்ன குணம் என்பது அன்று. யாரைப் பேசவிடுகின்றோம், யாரைப் பேசாதிருக்கச் செய்கின்றோம், அவ்வாறு செய்தற்குக் காரணம் யாது என்பதே. அகமரபு தந்தையை வாயடக்கியதற்குக் கலைநோக்கு உண்டு. அவன் மௌனம் கதைக்கு வலுவூட்டுகின்றது. வினைவலரை விலக்கியதற்கு அத்தகைய கலைநோக்கு ஒன்றும் எமக்குப் புலப்படவில்லை. அது புலவரின் தேவையால் எழுந்த வரம்பு அன்று. சமுதாயத்தின் மேல்கீழால் எழுந்தது. பழைய திட்டத்தின் அமைப்பைக் கைக்கொள்வார் அதன் விலக்கையும் உடன் கைக்கொள்ள வேண்டுவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: திட்டமின்றிப் பலர் கூடின், முன்னவர் எழுத்துக்குப் பின்னவர் கடப்படார், கதை சிதறும். நிகழ்ச்சியின் முடிவையே நோக்கித் திட்டமிடின், மாந்தர் நிகழ்ச்சிக்கு ஏவலராவர். மாந்தரின் இயல்பை ஒருவரே முன்னர் முடிப்பின், அம்மாந்தர் மற்றொருவர் கையில் வாய் திறந்த அளவில் திட்டம் உடையும். நிலம், பொழுது, உறவு, கூற்றுரிமை என்னும் நான்கையும் பொதுவாக்கி, உள்ளத்தை எழுதுவார்க்கு விடின், வெவ்வேறு கைகள் ஒரு கதையை நெய்தல் இயலும்.

ஒருசார் திறனாய்வாளர் அகமரபைத் தளை என்பர். எல்லாப் பாட்டும் ஒரே தலைவன், ஒரே தலைவி, ஒரே தோழி என்று சலிப்பர். அவர் ஒன்றாகக் காண்பது மாந்தர் நிற்கும் இடத்தை, மாந்தரை அன்று. ஐந்நூறு பாட்டுகளிலும் இடம் ஒன்றே. நின்று பேசுவார் நெஞ்சம் பலவே. இனிக் கூடிக் கதை எழுதப் புகும் மாணாக்கர், பட்டியலில் குணம் என்னும் பகுதியை வெறுமையாக விடுக. அதற்கு மாறாக, கதை நிகழும் ஊரின் ஆறு எப்பருவத்து வற்றும், எம்மரம் எப்பொழுது பூக்கும், யார் யார்க்கு எம்முறையினர், எவர் எவரிடம் வாய்திறந்து பேசலாம், எவர் பேச்சு பிறர் வாய்வழியே மட்டும் கேட்கும் என்று எழுதிக்கொள்க. குணத்தை அம்மாந்தரே பேசித் தெரிவிப்பர்.